ஒரு போர்வைக்குப் பன்னிரண்டு கைகள்

‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்பது நம் பழமொழி. உடுத்துவது பழையதா புதியதா என்பது பெரிதல்ல, தூய்மையாக இருக்கிறதா என்பதே பெரிது என்று நம் முன்னோர் கூறிச் சென்றனர். நாம் உடுத்தும் துணிக்கே இந்த விதி என்றால், பிறருக்குக் கொடுக்கும் துணிக்கு எவ்வளவு கவனம் வேண்டும்! பலர் கொடுக்கும் சிறு சிறு துணிக் கட்டங்களை ஒன்று சேர்த்து, ஆதரவற்ற குழந்தைகளுக்கும் நோயுற்ற குழந்தைகளுக்கும் போர்வை தைத்துக் கொடுக்கும் அறப்பணியைப் பற்றி இக்கட்டுரையில் எழுத முற்படுகிறோம். இப்பணி எங்கெங்கே நடந்துள்ளது, எவ்வாறு செய்வது, செய்யும்போது எதை மறக்கக் கூடாது என்பவற்றை எங்களால் இயன்ற அளவு விளக்குகிறோம்.

ஒட்டுப் போர்வை என்றால் என்ன?

ஆங்கிலேயர் ‘குயில்ட்’ என்று கூறும் போர்வைக்கு மூன்று அடுக்குகள் உண்டு. மேல் அடுக்கு பல வண்ணத் துண்டுகளை இணைத்துத் தைத்தது. நடு அடுக்கு கதகதப்புக்காக வைப்பது. அடி அடுக்கு ஒரே முழுத் துணி. இம்மூன்றும் ஒன்றை விட்டு ஒன்று நழுவாமல் இருக்க, மேலிருந்து கீழ்வரை ஊடுருவும்படி ஓட்டத் தையல் போடுவார்கள். நாம் இதனை ஒட்டுப் போர்வை என்று அழைப்போம்.

மேல் அடுக்கில் ஒரே அளவான சதுரங்கள் வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொரு சதுரமும் ஒரு ‘கட்டம்’. ஒரு கட்டத்தை ஒரு துணியில் வெட்டலாம். அல்லது சிறு துண்டுகள் பலவற்றைச் சேர்த்தும் தைக்கலாம். முழுப் போர்வை தைக்க நேரமோ துணியோ இல்லாதவர்கூட ஒரு மாலைப் பொழுதில் ஒரு கட்டத்தைத் தைத்துக் கொடுத்து விடலாம். பணம் கொடுக்க இயலாதவரும் பங்கு கொள்ள முடியும் என்பதே இப்பணியின் முதற் சிறப்பு.

பழந்துணியின் பெருமை

பழந்துணி என்றால் முகம் சுளிப்போர் உண்டு. ஆனால் நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில், பிறந்த குழந்தையை முதலில் புதுத்துணியில் கிடத்துவதில்லை. பாட்டியின் பழைய நூல் சேலையிலோ, தாத்தாவின் துவைத்துத் துவைத்து மென்மையான வேட்டியிலோதான் கிடத்துவார்கள். தூளி கட்டுவதும் அம்மாவின் பழஞ்சேலையில்தான். புதுத்துணியின் கஞ்சியும் முரட்டுத்தனமும் பிஞ்சு உடலை உறுத்தும், பழந்துணி உறுத்தாது. எனவே பழந்துணி என்பது எப்போதும் மட்டமான துணி ஆகாது. நன்றாக உழைத்து மென்மையான துணி என்றும் அதனைக் கருதலாம்.

நம் காரைக்குடிக்குப் பெருமை சேர்க்கும் கண்டாங்கிச் சேலையையே எடுத்துக்கொள்வோம். 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. கட்டங்கள் போட்ட கனத்த பருத்தித் துணி. துவைக்கத் துவைக்க மென்மையாகும். ஒட்டுப் போர்வைக்கு அது மிகவும் ஏற்றது. அதிலுள்ள கட்டக் கோடுகளே கத்தரிக்கோலுக்கு வழிகாட்டி விடும்.

நம் நாட்டின் பிற பகுதிகளிலும் பழந்துணிப் போர்வைகள் உண்டு. வங்காளத்தில் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி ஓட்டத் தையலிட்டுக் ‘காந்தா’ செய்கிறார்கள். சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே அதில் பூவேலை செய்யும் வழக்கம் இருந்தது. பீகாரில் ‘சுஜனி’ என்ற தையல், பல துணிகளை ஒன்று சேர்த்துப் பிறந்த குழந்தையைப் பொதிவதற்காகத் தோன்றியது. கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இன மக்கள் வாழ்கின்றனர். அவர்களில் இந்துக்கள், இஸ்லாமியர், கத்தோலிக்கர் ஆகிய மூவரும் உள்ளனர். சித்திப் பெண்கள் ‘கவண்டி’ என்னும் போர்வையை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்து வருவார்கள். நான்கு மூலைகளிலும் ‘பூ’ என்று பொருள்படும் பெயருடைய சிறு துணி மடிப்புகளை வைத்துத் தைத்தால்தான் போர்வை நிறைவு பெறும். வறியவர் வீட்டுப் போர்வைக்கும் மூலையில் பூ வேண்டும் என்ற அந்த எண்ணம் எங்களை மிகவும் கவர்ந்தது.

பலர் கூடிச் செய்த பணிகள்

ஊர் ஊராகப் பெண்கள் கட்டங்களை அனுப்பி, அவற்றை ஒன்றாக இணைத்த அரிய நிகழ்ச்சி ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே நடந்துள்ளது. சென்னையைச் சேர்ந்த திருமதி சுபஸ்ரீ நடராஜன் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார். இவர்களுடையது துணிக் கட்டம் அல்ல, கொக்கி ஊசி கொண்டு நூலால் பின்னிய குரோஷா சதுரம். இந்தியாவின் பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த பெண்கள் தத்தம் வீட்டிலிருந்தே பின்னி அனுப்பினார்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் அவை அனைத்தும் விரிக்கப்பட்டபோது பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர் இருந்தது. ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர்! உலகின் மிகப் பெரிய குரோஷாப் போர்வை என்று அது கின்னஸ் சாதனைப் பதிவில் இடம் பெற்றது. சாதனைக்குப் பின் அது பெட்டிக்குள் உறங்கவில்லை. தேவைப்படுவோருக்குப் போர்வைகளாகப் பகிர்ந்து கொடுப்பதே அவர்களின் நோக்கமாக இருந்தது.

கடல் கடந்தும் இப்பணி நடந்துள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது கனடா நாட்டுப் பெண்கள் ஊர்தோறும் கூடி அமர்ந்து, கையில் கிடைத்த துண்டுத் துணிகளைக் கொண்டு ஒட்டுப் போர்வைகள் தைத்தனர். அவை செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகக் கப்பலேறி, குண்டு வீச்சில் வீடிழந்த பிரிட்டிஷ் குடும்பங்களுக்குச் சென்றன. அப்போர்வைகளின் மூலையில் ‘கனடா செஞ்சிலுவைச் சங்கத்தின் அன்பளிப்பு’ என்ற சிறு பட்டி மட்டும் தைக்கப்பட்டிருக்கும். தைத்தவர் யார் என்பது பெரும்பாலும் பெற்றவருக்குத் தெரியாது.

1995 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் கேரன் லூக்ஸ் என்ற பெண்மணி ‘புராஜெக்ட் லைனஸ்’ என்ற தொண்டினைத் தொடங்கினார். புற்றுநோய்ச் சிகிச்சை பெற்ற ஒரு சிறுமிக்கு அவளுடைய போர்வையே பெரும் ஆறுதலாக இருந்தது என்ற செய்தியை ஓர் இதழில் படித்ததே அதற்குக் காரணம். போர்வையை எப்போதும் கையில் பிடித்துக்கொண்டு திரியும் லைனஸ் என்னும் கேலிச் சித்திரச் சிறுவனின் பெயரைத் தொண்டுக்கு வைத்தனர். அதன் வழியாக இலட்சக்கணக்கான குழந்தைகள் போர்வை பெற்றுள்ளனர். மருத்துவமனையில் உள்ள பொருள்கள் எல்லாம் மருத்துவமனைக்குச் சொந்தம். போர்வை மட்டும் ‘என்னுடையது’ என்று குழந்தை சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

சாலையோரத்தில் கிடந்த துணிகள்

இத்தனை நல்ல செய்திகளுக்கு நடுவே, ஒரு கசப்பான செய்தியையும் கூற வேண்டியுள்ளது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மிகுந்த அழிவுக்கு உள்ளாயிற்று. நாடெங்கிலுமிருந்து துணி மூட்டைகள் வந்து குவிந்தன. ஆனால் அவற்றில் பல கிழிந்தவை, அழுக்கானவை, நம் மக்கள் உடுத்தவே உடுத்தாத வகையைச் சேர்ந்தவை. எடுப்பாரின்றி அவை சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்தன. வீடு இழந்தவர்கள்கூட அவற்றைத் தொடவில்லை. அது அவர்களின் தவறன்று. வறுமை வந்தாலும் மானம் போவதில்லை.

‘கூஞ்ச்’ என்ற தொண்டு நிறுவனத்தார் அத்துணிகளைச் சேகரித்துத் தரம் பிரித்துப் பயன்படுத்தினர். அந்நிறுவனத்தை 1999 இல் டெல்லியில் தொடங்கியவர் அன்ஷு குப்தா. முதலில் அவரிடம் இருந்தவை வீட்டிலிருந்து எடுத்த 67 துணிகள் மட்டுமே. 2015 இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. உடுத்த உதவாத துணியை வெட்டி, பீகாரின் சுஜனியைப் போன்ற விரிப்புகளாகவும் அவர்கள் தைக்கிறார்கள். கொடுப்பவரின் பெருமையைவிடப் பெறுபவரின் மதிப்பே முக்கியம் என்பது அவர்களின் கொள்கை.

கழிக்கப்படும் துணியைத் தள்ளிவிடுவதும் கொடை, பயன்படும் துணியைத் தேடிக் கொடுப்பதும் கொடை என்று இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது. ஒட்டுப் போர்வை இவ்விரண்டில் எதுவாகவும் ஆகக் கூடும். தைப்பவர் எடுத்துக்கொள்ளும் கவனமே அதனைத் தீர்மானிக்கிறது. இனி, தைக்கும் முறையைக் காண்போம்.

அளவும் கணக்கும்

ஒரு குழந்தைக்கான போர்வைக்கு அகலத்தில் 3, நீளத்தில் 4 என 12 கட்டங்கள் போதும். தைத்து முடித்தபின் ஒவ்வொரு கட்டமும் 12 அங்குலச் சதுரமாக இருக்க வேண்டும். நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டுமாதலால் பன்னிரண்டரை அங்குலமாக வெட்ட வேண்டும். கட்டங்களை இணைத்தால் 36 அங்குல அகலமும் 48 அங்குல நீளமும் வரும். சுற்றிலும் 3 அங்குலக் கரை வைத்தால் போர்வை மூன்றரை அடி அகலமும் நாலரை அடி நீளமும் ஆகிவிடும்.

ஐந்தரை மீட்டர் நீளமும் 45 அங்குல அகலமும் உள்ள ஒரு சேலையில் எத்தனை கட்டங்கள் கிடைக்கும் என்று நாங்கள் கணக்கிட்டுப் பார்த்தோம். அகலத்தில் 3, நீளத்தில் 17, ஆக 51 கட்டங்கள்! நைந்த பகுதியைக் கழித்தாலும் பல போர்வைகளுக்குத் துணி கிடைத்துவிடும்.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறோம். கால் அங்குலம்தானே என்று ஒருவர் கட்டத்தைச் சிறியதாக வெட்டினால் என்ன ஆகும்? அப்படிப்பட்ட நான்கு கட்டங்களை ஒரு வரிசையில் வைத்தால் அவ்வரிசை ஒரு அங்குலம் குட்டையாகிவிடும். பக்கத்து வரிசையுடன் பொருந்தாது. இழுத்துத் தைத்தால் துணி சுருங்கும். சுருங்கிய இடத்தில் தையல் முதலில் விடும். பூவேலை எதுவும் தெரியாதவர் அளவாக வெட்டிக் கொடுத்த எளிய கட்டம், அளவு தவறிய அழகிய கட்டத்தைவிட மேலானது. எனினும் சிறிய கட்டம் வந்துவிட்டால் அதனை ஒதுக்கத் தேவையில்லை. சுற்றிலும் ஒரு பட்டி வைத்துத் தைத்து, பெரிதாக்கிப் பின் சரியான அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

துணியைத் தேர்ந்தெடுத்தல்

பருத்தித் துணியே சிறந்தது. பாலியெஸ்டர் கலந்த துணி வியர்வையை உறிஞ்சாது. பருத்தியா என்று ஐயம் எழுந்தால், பெரியவர் முன்னிலையில் ஓர் இழையைத் தீயில் காட்டிப் பார்க்கலாம். பருத்தி காகிதம் போல் எரிந்து சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணிபோல் கட்டிக்கொள்ளும்.

வெட்டுவதற்கு முன்பே துணியைத் துவைத்து உலர்த்தி, இஸ்திரி போட வேண்டும். சுருங்க வேண்டிய துணி முன்பே சுருங்கிவிடும். நனைந்த துணியை ஒரு வெள்ளைத் துணியின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தால் சாயம் போகுமா என்பது தெரிந்துவிடும். ஒரு கட்டத்தின் சிவப்புச் சாயம் போனால் மற்றப் பதினொரு கட்டங்களும் கெட்டுப்போகும்.

ஜரிகை, பாசிமணி, பொத்தான், ஜிகினா ஆகியவற்றைக் குழந்தைப் போர்வையில் வைக்கவே கூடாது. ஜரிகை கீறும், பாசியையும் பொத்தானையும் குழந்தை பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும்.

மூன்று அடுக்கையும் இணைத்தல்

அடித்துணியைப் போர்வையைவிட நான்கு புறமும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக வெட்டித் தரையில் சுருக்கமின்றி விரிக்க வேண்டும். அதன்மேல் நடு அடுக்கு, அதன்மேல் கட்டங்கள் இணைந்த மேல் அடுக்கு. பெரிய தையலால் மூன்றையும் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓட்டத் தையல் போட வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி உப்பிக்கொள்ளும். தையல் வரிகளுக்கிடையே நான்கு விரற்கடைக்கு மேல் இடைவெளி கூடாது. இறுதியில் கூடுதல் அடித்துணியை மேலே மடித்து ஹெம்மிங் செய்தால் ஓரம் பிரியாது.

எத்தனை ஊசிகளும் குண்டூசிகளும் எடுத்தோமோ அத்தனையும் திரும்ப வந்தனவா என்று எண்ணிய பிறகே போர்வையை மடிக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கையால் தடவித் தேட வேண்டும்.

யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

முதலில் கேட்க வேண்டும். நம் சிவகங்கைச் சீமை வெயில் மிகுந்தது. மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில்தான் இங்கே போர்வை தேடுவோம். ஆகவே நம் பக்கத்துக் குழந்தைகளுக்கு நடு அடுக்கில் பழைய பருத்திச் சேலை இரண்டு மடிப்பு போதும். சிமெண்டுத் தரையில் பாயின் மேல் விரித்துக்கொள்ளவும் அது உதவும். கொடைக்கானல், உதகை போன்ற மலையூர்களுக்கு அனுப்புவதானால் கனமான பழைய கம்பளியை நடுவில் வைக்கலாம்.

ஒரு வயது நிறையாத குழந்தை உறங்கும்போது அதன்மேல் தளர்வான போர்வை எதையும் போடலாகாது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். முகத்தை மூடினால் மூச்சுத் திணறும். விழித்திருக்கும் குழந்தையை, பெரியவர் பார்வையில், போர்வையின் மேல் கிடத்தலாம். இதனைப் பெறுபவரிடம் சொல்லியே கொடுக்க வேண்டும்.

எண்ணிக்கை மிகவும் முக்கியம். ஓர் இல்லத்தில் நாற்பது குழந்தைகள் இருக்க, நாம் முப்பத்தொன்பது போர்வைகளுடன் சென்றால், அந்த ஒரு குழந்தைக்கு நாம் கொண்டு சென்றது ஏமாற்றமே. எனவே நாற்பதும் முடிந்த பின்னரே செல்ல வேண்டும். விடுதிக் குழந்தையிடம் ஒரு டிரங்குப் பெட்டியும் அதற்குள் சில துணிகளுமே இருக்கும். போர்வையின் மூலையில் வெள்ளைத் துண்டு ஒன்றைத் தைத்து வைத்தால், குழந்தை தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ளும். அந்த இடத்தில் நம் பெயர் வேண்டாம். மேடை போட்டு, குழந்தைகளை வரிசையில் நிறுத்திப் புகைப்படம் எடுப்பதும் வேண்டாம். இல்லத்துப் பெரியவர்களிடம் ஒப்படைத்தால் அவர்களே இரவில் படுக்கும்போது கொடுத்துவிடுவார்கள்.

கடையில் வாங்கினால் என்ன?

“இவ்வளவு பாடு எதற்கு? கடையில் போர்வை மலிவாகக் கிடைக்கிறதே” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வெள்ளமோ புயலோ வந்து மக்கள் இன்றிரவே நடுங்கிக்கொண்டிருந்தால் கடையில் வாங்கிக் கொடுப்பதுதான் முறை. அப்போது உட்கார்ந்து கட்டம் வெட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒட்டுப் போர்வை அவசர உதவிக்கு ஏற்றதன்று.

ஆனால் காலம் இருக்கும்போது, ஒட்டுப் போர்வை செய்யும் வேலையைக் கடைப் போர்வை செய்யாது. ஒரு குறிப்பிட்ட குழந்தைக்காகப் பன்னிரண்டு பேர் அமர்ந்து, அளந்து, துவைத்து, ஊசியை எண்ணியிருக்கிறார்கள் என்பதை அந்தப் போர்வை தன் தையலில் வைத்துக்கொண்டிருக்கும். குழந்தை அதில் தனக்குப் பிடித்த கட்டம் எது என்று தேடும். மேலும், ‘கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது’ என்று நினைக்கும் ஏழைத் தாயும் ஒரு கட்டம் கொடுத்துக் கொடையாளி ஆகலாம்.

அன்புத் தோழியரே, தீபாவளி நெருங்கும்போது நம் ஊர்த் தையற் கடைகளில் எத்தனை வெட்டுத் துண்டுகள் கூடை கூடையாகச் சேர்கின்றன! பெற்றோர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் எத்தனை நூல் சேலைகள் கரை மட்டும் கிழிந்து, உடல் நன்றாக இருக்கின்றன! பன்னிரண்டரை அங்குலத்தில் ஓர் அட்டையை வெட்டி வைத்துக்கொண்டால் விடுமுறை நாளில் ஒரு கட்டமேனும் வெட்டலாம். கட்டம் கொடுத்தவர் பெயர் போர்வையில் இல்லாமற் போகட்டும். பலமுறை துவைத்த பின்னும் நம் தையல் பிரியாதிருந்தால் அதுவே போதும்.